ஊருக்குப் பெயர் தந்த மரம்

தலம், மூர்த்தி, தீர்த்தம் என்னும் மூன்றாலும் சிறந்து விளங்குவது திருக்கோயில் என்பர் ஆன்றோர். இம்மூன்றோடும் உடன்வைத்து எண்ணப்படுவது தலமரம். மதுரைக்குக் கடம்பு, காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலுக்கு மா, திருவானைக்காவுக்கு வெண்ணாவல் என ஒவ்வொரு தலத்திற்கும் ஒரு மரம் உரியதாயிற்று. சில இடங்களில் மரமே ஊரின் பெயராகவும் நிலைத்தது. ஆலமரங்கள் அடர்ந்த காடு திருவாலங்காடு ஆயிற்று; தில்லை மரங்கள் சூழ்ந்த வனம் தில்லை ஆயிற்று. கோயில் எழுவதற்கு முன்பே மரம் இருந்தது என்பதையும், அம்மரத்தை நம் முன்னோர் மறவாது போற்றினர் என்பதையும் இப்பெயர்கள் இன்றளவும் உணர்த்துகின்றன.

மலேசியத் திருநாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. மலாக்கா என்னும் பெயர், பரமேசுவரா இளைப்பாறியதாகச் சொல்லப்படும் மலாக்கா மரத்தால் வந்தது என்பது மரபு. அம்மரம் வேறொன்றுமில்லை, நாம் நன்கறிந்த நெல்லியே. பினாங்கு என்பது மலாய் மொழியில் பாக்கு மரத்தைக் குறிக்கும். பேராக் மாநிலத்தின் தலைநகரான ஈப்போவும் இவ்வாறே ஒரு மரத்தால் பெயர் பெற்றது. ஆனால் நெல்லியையும் பாக்கையும் அறிந்த அளவுக்கு ஈப்போ மரத்தை நம்மில் பலர் அறிந்திலர். அந்நகரில் பிறந்து வளர்ந்தவர்களுள்ளும் அம்மரத்தைக் கண்ணால் கண்டு, இதுதான் என்று அடையாளம் காட்டக் கூடியவர் சிலரே ஆவர்.

ஈயம் கண்ட ஊர்

கிந்தா ஆற்றில் படகுகள் ஏறிவரக் கூடிய எல்லையில் அமைந்த சிற்றூராகவே ஈப்போ தொடக்கத்தில் இருந்தது. 'பாலோ' என்னும் பழம்பெயரும் அவ்வூருக்கு உண்டு. 1880களில் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈய வேட்டை தொடங்கியதும் மக்கள் பெருந்திரளாக வந்து குவிந்தனர். 1892இல் ஏற்பட்ட பெருந்தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது. அதன்பின் அகன்ற தெருக்களுடன் புதிய நகரம் எழுந்தது. ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த எழில்மிகு இரயில் நிலையம் 1917இல் நிறைவுற்றது. 1937இல் மாநிலத் தலைநகரம் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாறியது. 1988ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் ஈப்போ மாநகரமாக அறிவிக்கப்பட்டது. இவ்வளர்ச்சி அனைத்திற்கும் பெயர் கொடுத்த மரத்திற்கோ, இரயில் நிலையத்தின் எதிரே உள்ள சதுக்கத்தில் ஓர் இடம் அளிக்கப்பட்டது. காட்டில் தானே வளர்ந்து ஊருக்குப் பெயர் தந்த மரம், பின்னர் நினைவுச் சின்னமாக நட்டு வளர்க்கப்பட வேண்டிய நிலைக்கு ஆளாயிற்று.

ஆலுக்கும் அரசுக்கும் உறவு

ஈப்போ மரம் தாவரக் குடும்ப முறையில் நமக்கு அந்நியமானது அன்று. ஆல், அரசு, அத்தி, பலா ஆகியவை எக்குடும்பத்தைச் சார்ந்தனவோ, அக்குடும்பத்தையே இதுவும் சார்ந்தது. அவற்றைப் போலவே இதன் பட்டையைக் கீறினால் பால் வடியும். 40 மீட்டருக்கு மேலும் ஓங்கி வளரக் கூடிய இம்மரத்தின் அடிப்பகுதியில், சுவருக்கு முட்டுக் கொடுத்தாற்போல வேர்கள் பலகை வடிவில் புடைத்து நிற்கும். இலைகள் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். ஆண் பூக்கள் சிறு தட்டுப் போன்ற கொத்துகளிலும் பெண் பூக்கள் தனித்தும் ஒரே மரத்தில் தோன்றும். பழம் சிறியது, முற்றியதும் செந்நிறமாகி, மேலே பட்டுத் துணி போர்த்தியது போன்ற மென்மையுடன் இருக்கும். பறவைகளும் வௌவால்களும் குரங்குகளும் அதனை உண்டு விதைகளைப் பரப்புகின்றன.

இது இலையுதிர்க்கும் இயல்புடைய மரம். ஆண்டில் சில மாதங்கள் மழையின்றி வறளும் நிலங்களில் இலைகளை முற்றும் உதிர்த்துவிட்டுப் புதுத்தளிர் விடும். பேராக் போன்று ஆண்டு முழுவதும் மழை பெறும் நிலத்தில் அவ்வியல்பு அவ்வளவாகப் புலப்படாது. தாழ்நிலக் காடுகளே இதற்கு உகந்தவை. ஆழமான, நீர் தேங்காத மண்ணும், வேரும் கிளையும் பரவப் போதிய இடமும் வேண்டும். இதன் விதை நெடுநாள் உயிர்ப்புடன் இராது. நெல்லைப் போலக் காயவைத்துச் சேமித்து வைக்க இயலாது. பழுத்து விழுந்த சில நாட்களிலேயே மண்ணைச் சேர வேண்டும். ஆகவே ஓரிடத்தில் தாய்மரங்கள் அழிந்துவிட்டால், விதையைப் பிறகு தேடி எடுத்து அவ்விடத்தை நிரப்புவது எளிதன்று. இம்மரத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இவ்வொரு குறிப்பு மிகவும் இன்றியமையாதது.

நஞ்சும் அது பற்றிய கட்டுக்கதையும்

'ஈப்போ' என்னும் சொல் மரத்தை மட்டுமன்றி அதன் பாலிலிருந்து எடுக்கப்படும் நஞ்சையும் குறிக்கும். பேராக் காடுகளில் வாழும் செமாய், தெமியார் முதலிய பூர்வகுடி மக்கள், மரப்பட்டையில் சாய்வாகக் கீறி, வடியும் பாலைச் சேகரித்து, நெருப்பில் வாட்டிக் குழம்பாக்குவர். அக்குழம்பை மெல்லிய அம்புகளின் முனையில் தடவி, நீண்ட ஊதுகுழல் வழியாக ஊதிக் குரங்கு, அணில் முதலியவற்றை வேட்டையாடுவர். இந்நஞ்சு குருதியில் கலந்தால் இதயத்தின் துடிப்பைத் தாக்கி நிறுத்தும். ஆயினும் இதனால் வீழ்ந்த விலங்கின் இறைச்சியை அவர்கள் உண்பர். அம்பு தைத்த இடத்தை மட்டும் அறுத்து எறிந்துவிடுவர். சீனத்தின் தென்பகுதியிலும் இம்மரம் வளர்கிறது. அங்கு இதற்கு வழங்கும் பெயர், 'குருதியைக் கண்டால் தொண்டையை அடைப்பது' என்று பொருள்படும்.

இவ்வுண்மை கடல் கடந்து சென்றபோது பெருங்கதையாக உருவெடுத்தது. 1783இல் இலண்டனில் வெளியான ஒரு மாத இதழில், சாவகத் தீவில் உள்ள நச்சு மரம் ஒன்று தன்னைச் சுற்றிப் பல மைல் தொலைவுக்குப் புல் பூண்டும் உயிரினமும் இல்லாதவாறு அழித்துவிடுகிறது என்றும், மரண தண்டனை பெற்ற குற்றவாளிகளே அதன் பாலை எடுத்துவர அனுப்பப்படுகின்றனர் என்றும் ஒரு கட்டுரை வந்தது. ஐரோப்பா முழுவதும் அதனை நம்பியது. உருசியக் கவிஞர் புஷ்கின் 1828இல் இம்மரத்தைப் பாடுபொருளாகக் கொண்டு கவிதை இயற்றினார். சாவகத்தில் தாவர ஆய்வு செய்த ஆர்ஸ்பீல்டு முதலிய அறிஞர்கள் நேரில் கண்டு, மற்ற மரங்களுக்கு நடுவே இதுவும் ஒரு மரமாக நிற்கிறது, இதன் நிழலில் எவரும் அமரலாம் என்று தெளிவுபடுத்தினர். மரத்தை வெட்டினாலன்றி அது எவருக்கும் தீங்கு செய்வதில்லை.

இம்மரத்திற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் இலெஷனோ என்னும் பிரெஞ்சுத் தாவர அறிஞர். சாவகத்தில் இதனைக் கண்டு ஆராய்ந்து, அந்நாட்டார் வழங்கிய 'அஞ்சார்' என்னும் பெயரையே தழுவி 1810இல் 'ஆன்டியாரிஸ்' எனப் பெயரிட்டார். அவரே பின்னர் 1816இல் புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டு, 1822 வரை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தாவரங்களைத் தொகுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழகத்தின் மரவுரி

சாவகத்தின் நச்சு மரமும் ஈப்போ மரமும் ஒன்றே. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வளரும் மரவுரி மரமும் இதே இனத்தைச் சார்ந்ததேயாகும். குடகிலும் கேரளத்திலும் அம்மரத்தின் தடியைத் துண்டாக்கி, ஊறவைத்து, மெல்ல அடித்துப் பட்டையை நெகிழ்த்தி, சட்டையின் கையைக் கழற்றுவது போல் முழுதாக உரித்தெடுத்துச் சாக்காகப் பயன்படுத்தினர். அடியில் ஒரு வட்டத் துண்டு மரத்தை விட்டுவைத்தால் அதுவே சாக்கின் அடிப்பகுதியாகிவிடும், தையலே வேண்டா. இதனாலேயே அறிவியலாளர் முன்பு இதற்கு 'சாக்குத் தருவது' என்று பொருள்படும் பெயரொன்றும் இட்டிருந்தனர். இலங்கையில் 'ரித்தி' எனப்படும் இம்மரத்தின் பட்டையை வேடர்கள் பைகளுக்கும் உடைக்கும் பயன்படுத்தினர். மலாயாவின் பூர்வகுடி மக்களும் இதன் பட்டையை அடித்து, பாலை நீக்கி, உடையாக்கி அணிந்தனர்.

இராமபிரான் முடிதுறந்து கானகம் ஏகியபோது மரவுரி தரித்தார் என்பதை அறியாத தமிழர் இலர். அது எம்மரத்தின் பட்டை என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. எனினும் தமிழில் மரவுரி என்றே பெயர் பெற்ற மரமும், ஈப்போ நகருக்குப் பெயர் தந்த மரமும் ஒன்றே என்னும் செய்தி, கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த நம் முன்னோருக்குத் தெரிந்திருப்பின் எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்! தெரியாத காடு என்று அவர்கள் அஞ்சிய காட்டிலும் தெரிந்த மரம் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

காடு அழிந்த கதை

ஈப்போ மரம் உலக அளவில் அருகிவரும் மரம் அன்று. மேற்கு ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை அது பரவி வளர்கிறது. தன் பெயரைத் தாங்கிய ஊரில் மட்டும் அரிதாகிவிட்டது என்பதே வியப்பு. அதற்குக் காரணம் நஞ்சுக்கு அஞ்சிய மக்கள் அல்லர். ஈயமும் ரப்பருமே ஆகும்.

ஈயம் எடுப்பதற்கு முதலில் காட்டை அழிக்க வேண்டியிருந்தது. எடுத்த ஈயத்தை உருக்குவதற்கு மரக்கரி வேண்டியிருந்தது. அதன்பின் நீர்பாய்ச்சி மண்ணைக் கரைத்தும், ஈயக்கப்பல்களால் தோண்டியும் பள்ளத்தாக்கின் மேல்மண் முழுவதும் புரட்டப்பட்டது. பத்து காஜாவை அடுத்த தஞ்சோங் துவாலாங்கில் காட்சிக்கு நிற்கும் ஈயக்கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்தது. 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை வீழ்ந்தபோது, எஞ்சியவை குளங்களும் வெண்மணல் திடல்களும் மட்டுமே. சத்தும் ஈரமும் நில்லாத அம்மணலில், ஆழ்ந்த மண்ணை விரும்பும் பெருமரம் எவ்வாறு தானே முளைக்கும்? விதை தர அருகில் தாய்மரமும் இல்லை.

மற்றொரு பால்மரத்தின் கதையும் இதற்கு முன்பே முடிந்திருந்தது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடப் பயன்பட்ட 'கெத்தா தாபான்' பாலுக்காக, அம்மரங்கள் கீறப்படாமல் அடியோடு வெட்டிச் சாய்க்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அவை பல காடுகளில் காண்பதற்கு அரிதாயின. ஈப்போ மரத்தைக் கீறிய பூர்வகுடியினர் அவ்வாறு செய்தாரல்லர். மரம் உயிரோடிருந்தால்தான் மறுமுறையும் பால் கிடைக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம்மை வாழவைத்த பால்மரம்

1876இல் விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்த சுமார் 70,000 ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் விதைக்கப்பட்டன. முளைத்தவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாரில் பேராக்கின் பிரிட்டிஷ் ஆட்சிப் பேராளராக இருந்த ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் நடப்பட்டன. அக்கன்றுகளின் வழிவந்த பெருமைக்குச் சான்றாகக் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு முதுமரம் வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. மரத்திற்கு ஊறு நேராமல் நாள்தோறும் மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி வகுத்தளித்தார். ஆக, மரத்தைக் கொல்லாமல் கீறிப் பாலெடுக்கும் தொழில் பேராக் மண்ணுக்குப் புதிதன்று. பூர்வகுடியினர் நஞ்சுக்காகச் செய்ததையே, தமிழர் பிழைப்புக்காகச் செய்தனர்.

ரப்பரும் இலையுதிர்க்கும் மரமே. ஆண்டின் தொடக்கத்தில் மழை குறையும் வாரங்களில் இலைகள் செம்மை கலந்த பழுப்பாகி உதிரும். தோட்டத்து நிரைகளில் சருகு மெத்தையாகப் படியும். பின்னர்ச் செம்புநிறத் தளிர் தோன்றும். அத்தளிர்ப் பருவத்தில் மழையும் பனியும் மிகுந்தால் சாம்பல் நோய் பற்றித் தளிரும் உதிர்ந்துவிடும். கண்ணுக்கு அழகாகத் தோன்றும் அப்பருவம், பால்மரத் தொழிலாளியின் வீட்டில் பஞ்சப் பருவமாகும். மரம் தன் வலிமையை இலைக்குச் செலவிடும்போது மங்கில் பால் குறையும். பால் குறைந்தால் எடைக்கேற்ற கூலியும் குறையும். விடியுமுன் பெரட்டில் நின்று, நெற்றி விளக்குடன் நிரைக்குச் சென்ற தாய்மார்கள் மரத்தின் ஒவ்வோர் இலையையும் தம் குடும்பக் கணக்கோடு சேர்த்தே பார்த்தனர். மரத்தின் இயல்பை நூலால் அறிந்தவர் பலர். வயிற்றால் அறிந்தவர் அவர்கள்.

நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டித் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, வாழ்விழந்து நின்ற தொழிலாளர்களைக் காக்கச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் சிறுசேமிப்பால் தோட்டங்களையே வாங்கினர். ஆயினும் காலம் நிற்கவில்லை. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. நகரை அடுத்த தோட்டங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. செம்பனைக்கு இலையுதிர் காலம் என்று ஒன்றில்லை. தோட்டத்து மக்கள் ஆண்டின் திருப்பத்தை அறிந்துகொண்ட சருகு மணம் அவ்வாறே மறைந்தது.

தில்லை கற்பிக்கும் பாடம்

ஈப்போவுக்கு நேர்ந்தது முன்பே தில்லைக்கும் நேர்ந்தது. தில்லை மரமும் பால்மரமே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அதுவும் இலைகளைச் சிவக்கச் செய்து உதிர்க்கும் மரம். அம்மரத்தால் பெயர் பெற்ற சிதம்பரத்தில் இன்று தில்லை வனம் இல்லை. அதனைக் காண விழைவோர் அடுத்துள்ள பிச்சாவரத்துக் கழிமுகக் காட்டிற்குச் செல்ல வேண்டும். பேராக் கடற்கரையிலும் தில்லை உண்டு. தைப்பிங்கை அடுத்த மாத்தாங் அலையாத்திக் காடுகள் போன்ற உவர்நிலங்களில் அது வளர்கிறது. மலாய்க்காரர் அதனைக் குருடு என்னும் பொருள்பட 'பூத்தா பூத்தா' என்பர்.

நச்சுப்பால் உடைய மரத்தையே தலமரமாகக் கொண்டு, அவ்வனத்தின் நடுவே ஆடவல்லானைக் கண்டது நம் மரபு. ஆலகால நஞ்சைக் கண்டத்தில் அடக்கிய பெருமானுக்கு நச்சு மரம் அந்நியமாகத் தோன்றவில்லை போலும். பயன் தரும் மரம் மட்டுமே வாழத் தக்கது என்றோ, தீங்கு செய்யக் கூடியது வெட்டத் தக்கது என்றோ நம் முன்னோர் கருதவில்லை. எனினும் பெயரைப் போற்றியவர்கள் வனத்தைக் காக்கத் தவறினர் என்பதையும் மறைப்பதற்கில்லை. பெயர் நிலைத்தால் மரமும் நிலைக்கும் என்று எண்ணுவது பிழை. யாரேனும் ஒருவர் நாள்தோறும் பார்த்துக்கொண்டாலன்றி மரம் நிலைக்காது.

பெயர்க்க இயலாதது

பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில், லயங்களை ஒட்டி ஒரு மாரியம்மன் கோயிலும், அதன் அருகே ஓர் அரசோ ஆலோ வேம்போ இருந்தன. தோட்டம் கைமாறிய காலத்தில் பல கோயில்கள் இடம் பெயர்ந்தன. முறைப்படி கும்பத்தில் ஆவாகனம் செய்து, பாலாலயம் அமைத்து, அம்மனைப் புதிய இடத்திற்கு எழுந்தருளச் செய்தனர். சூலம் வந்தது; மணி வந்தது; உற்சவமூர்த்தியும் வந்தார். மரம் மட்டும் வரவில்லை. 50, 60 ஆண்டுகள் திருவிழாக்களைக் கண்ட மரம் அங்கேயே நின்று, பின்னர் நிலத்தைச் சமன்செய்யும் இயந்திரத்தின் முன் வீழ்ந்தது. அதன் வயதையோ, நட்டவர் பெயரையோ எந்தப் பதிவேட்டிலும் காண இயலாத நிலையே பெரும்பாலும் உள்ளது.

ஆகவே கோயில் நிருவாகங்கள் ஆற்ற வேண்டிய பணி ஒன்று உண்டு. நகைகளுக்கும் பாத்திரங்களுக்கும் பதிவேடு வைப்பது போல, கோயில் வளாகத்தில் உள்ள மரங்களுக்கும் ஒரு பதிவேடு வைத்தல் வேண்டும். மரத்தின் பெயர், நட்ட ஆண்டு, நட்டவர் பெயர், அது எத்தோட்டத்து மரத்தின் வழிவந்த கன்று என்னும் குறிப்பு ஆகியவை அதில் இடம்பெறலாம். இடம் பெயர நேரும் கோயில்கள், மூலமரத்தின் விதையையோ போத்தையோ முன்கூட்டியே எடுத்து வளர்த்து, திருக்குட நன்னீராட்டு நாளில் புதிய மண்ணில் நட்டு வைக்கலாம். விரிந்த நிலமுடைய கோயில்கள் ஈப்போ மரக்கன்று ஒன்றையும் வளர்க்கலாம். ஆழ்ந்த மண்ணில், கட்டடத்தை விட்டுத் தள்ளி, குழந்தைகள் கீறி விளையாடாதவாறு வேலியிட்டு, அதன் வரலாற்றை எழுதிய பலகையுடன் அது நிற்கட்டும். ஓராண்டில் பயன் தரும் மரமன்று அது. நம் பேரப்பிள்ளைகளே அதன் நிழலைக் காண்பர்.

ஊருக்குப் பெயர் தந்த மரத்திற்கு அவ்வூரில் வேரூன்ற ஓர் அடி மண் தருவது நன்றிக்கடன். நம்மை வாழவைத்த நாட்டின் மரத்தை நம் தலமரத்தோடு ஒருங்கே போற்றி வளர்ப்போமாயின், வருங்காலத் தலைமுறை இம்மண்ணின் வரலாற்றைப் பெயரளவில் அன்றி நிழலளவிலும் அறிந்து இன்புறும். எல்லாம் வல்ல இறைவன் அதற்குத் திருவருள் புரிவானாக.